ஹஸ்கிக்கு இழுப்பது பிறவிக் குணமா? பழக்கும் முறையும் ஓடவிடும் வழிகளும்: முழுமையான வழிகாட்டி

வாக்கிங் கிளம்பியதுமே தோள்பட்டை கழன்றுவிடும் அளவுக்கு இழுக்கிறது என்பது ஹஸ்கி வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்வது. அதே நாய்க்கு, நெஞ்சையும் முதுகையும் சுற்றிப் போடும் ஹார்னஸ் மாட்டி, பின்னால் ஒரு பழைய டயரைக் கட்டிப் பாருங்கள். நாலு அடி நடக்கும். டயர் தரையில் உரசும் சத்தம் கேட்டதும் நின்று திரும்பிப் பார்க்கும். சில நாய்கள் அங்கேயே உட்கார்ந்துவிடும். லீஷை அந்த இழுப்பு இழுத்த நாய்க்கு இப்போது என்ன ஆயிற்று?

முன்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற தவிப்பு ஹஸ்கிக்குப் பிறவியிலேயே உண்டு. ஆனால் முதுகுக்குப் பின்னால் பாரம் இருக்கும்போது கயிற்றை விறைப்பாக வைத்துக்கொண்டு, சொன்ன பக்கம் திரும்பி, நில் என்றால் நிற்பது நாம் கற்றுக்கொடுக்க வேண்டிய வேலை. வண்டிமாட்டுக் கன்றுக்குத் தெம்பு பிறப்பில் வருகிறது. நுகத்தடிக்குக் கழுத்தைக் கொடுப்பது பழக்கத்தில்தான் வருகிறது. ஹஸ்கியும் அப்படித்தான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் வாக்கிங் தொல்லையும் தீரும், நாய்க்கு வேண்டிய ஓட்டமும் கிடைக்கும்.

இழுப்பு எங்கிருந்து வருகிறது

சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் வாழும் சுக்சி மக்கள் வளர்த்த நாய்களின் வழிவந்தது சைபீரியன் ஹஸ்கி. இலேசான பாரத்தை, மிதமான வேகத்தில், குறைந்த தீனியில், வெகுதூரம் கொண்டுபோகும் நாய்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. வடதுருவப் பகுதியில் வண்டி நாய்களின் வரலாறு இன்னும் பழையது. ரஷ்யாவின் ஜோகோவ் தீவில் கிடைத்த சுமார் 9,500 ஆண்டு பழமையான நாயின் மரபணுவை ஆராய்ந்தபோது, பனியில் சறுக்குவண்டி இழுக்கும் இன்றைய நாய்களோடு அதற்கு நெருங்கிய உறவு இருப்பது தெரிந்தது. அந்த ஆய்வு 2020-ல் வெளியானது. இத்தனை தலைமுறையாக, ஓட மறுத்த நாயிடம் குட்டி எடுக்காமல், ஓடியதிடம் மட்டுமே எடுத்து வந்த வளர்ப்பு இது.

1900-களின் தொடக்கத்தில் அலாஸ்காவின் நோம் நகருக்கு இந்த நாய்கள் வந்திறங்கியபோது, அங்கிருந்த பெரிய நாய்களோடு ஒப்பிட்டு 'சைபீரிய எலிகள்' என்று ஏளனம் செய்தார்கள். 1910-ல், நோமிலிருந்து கேண்டில் வரை போய்த் திரும்பும் 408 மைல் பந்தயத்தில் ஜான் ஜான்சன் ஓட்டிய சைபீரிய நாய்கள் 74 மணி நேரத்துக்குச் சற்று மேலே எடுத்துக்கொண்டு முதலில் வந்தன. உருவத்தில் சிறியவைதான். வளர்ந்த ஆண் 20 முதல் 27 கிலோ, பெண் 16 முதல் 23 கிலோ. பெரும்பாரம் இழுக்க அமைந்த உடம்பு அல்ல. தூரம் ஓட அமைந்தது. டயரின் எடையைக் கூட்டிக்கொண்டே போவதில் பெருமைப்படுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். பாரம் இழுக்கும் போட்டிதான் வேண்டும் என்றால் அது அலாஸ்கன் மலமூட் என்ற பெரிய இன நாயின் வேலை.

லீஷை இழுப்பதற்கு இந்த மரபு ஒரு காரணம் மட்டுமே. நாம் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடக்கிறோம், ஹஸ்கியின் சாவதானமான ஓட்டமே அதைப்போல் இரண்டு மடங்கு. அடுத்து, நெஞ்சிலோ கழுத்திலோ அழுத்தம் விழுந்தால் அதை எதிர்த்துத் தள்ளுவது எல்லா நாய்க்கும் இயல்பு. நீங்கள் பின்னால் இழுக்க இழுக்க அது முன்னால் சாய்கிறது. மூன்றாவதுதான் முக்கியமானது: இழுத்தவுடன் நீங்கள் ஓரடி எடுத்து வைத்துவிடுகிறீர்கள். அந்த ஓரடிதான் அதற்குப் பரிசு. ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தப் பரிசை வாங்கிய நாய், இழுத்தால்தான் வழி திறக்கும் என்று முடிவு கட்டிவிடும். தெரு நாய்க்குட்டியை எடுத்து வளர்த்தாலும் இதேதான் நடக்கும்.

எல்லா ஹஸ்கிக்கும் ஒரே அளவு ஆசை இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். அழகுப் போட்டிக்காகவே பல தலைமுறை வளர்க்கப்பட்ட வம்சத்தில் ஓட்ட ஆசை மட்டுப்பட்டிருக்கும். அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் இடிடராட் நெடும்பந்தயத்தில் ஓடும் நாய்களில் பெரும்பாலானவை சைபீரியன் ஹஸ்கிகளே அல்ல. ஓட்டத்தை மட்டுமே பார்த்துக் கலந்து வளர்த்த அலாஸ்கன் ஹஸ்கிகள். உங்கள் நாய் மூன்று மாதம் பொறுமையாகப் பழக்கியும் கயிற்றைத் தளரவிட்டு, காதை மடக்கி, திரும்பித் திரும்பி உங்களையே பார்க்கிறது என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு வேறு விளையாட்டு இருக்கிறது.

எந்த வயதில் தொடங்கலாம்

எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தகடுகள் மூடிய பிறகே நிஜமான இழுப்பு. ஹஸ்கிக்கு அது பெரும்பாலும் 12 மாதத்துக்கு மேல். பாரத்தோடு ஓடவிட 15 முதல் 18 மாதம் வரை பொறுத்தால் மூட்டுக்கு நல்லது. தொடங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் இடுப்பு, முழங்கால், இதயம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணையும் காட்டுவது நல்லது; இந்த இனத்தில் பரம்பரைக் கண்புரை வருவதுண்டு.

1925-ல் நோம் நகருக்குத் தொண்டை அடைப்பான் மருந்து கொண்டுபோன ஓட்டத்தில் பெயர் வாங்கிய டோகோவை, எட்டு மாதக் குட்டியாக இருக்கும்போதே ஹார்னஸில் கட்டியதாகவும், முதல் நாளே 75 மைல் ஓடியதாகவும் அதன் எஜமானர் லியன்ஹார்ட் செப்பலா சொல்லியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு எட்டு மாதக் குட்டியைச் சைக்கிளில் கட்டாதீர்கள். டோகோ அதற்கு முன்பே வண்டி நாய்களின் பின்னால் ஓடி ஓடி எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தது. அப்படி ஒரு நாய் பிறப்பது அபூர்வம்.

ஹார்னஸ்: பாதி வேலை இதில்தான்

கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கட்டி இழுக்க வைக்கவே கூடாது. பாரம் முழுவதும் மூச்சுக்குழாயில் விழும். நெஞ்சில் வளையம் உள்ள, இழுப்பைக் குறைப்பதற்கென்று விற்கும் ஹார்னஸும் இதற்கு ஆகாது. அது தோள்பட்டையின் குறுக்கே போய்க் காலை முன்னால் வீச விடாது. இழுப்பதற்கென்றே தைத்த ஹார்னஸ்தான் வேண்டும். அதில் இரண்டு வகை போதும்.

முதல் வகை எக்ஸ்-பேக். முதுகில் பட்டைகள் பெருக்கல் குறிபோல் குறுக்காகப் போய், வால் முளைக்கும் இடத்தில் கயிறு மாட்டும் வளையத்தில் முடியும். சறுக்குவண்டி, காலால் உந்தும் ஸ்கூட்டர், டயர் போல இழுவை தரையோடு தாழ்வாக இருக்கும் வேலைகளுக்கு இது. இரண்டாவது, முதுகின் நடுவிலேயே முடியும் குட்டை ஹார்னஸ். உங்கள் இடுப்பில் கட்டி ஓடும்போது கயிறு மேல்நோக்கிச் சாய்வாகப் போகும். அந்தக் கோணத்தில் எக்ஸ்-பேக் போட்டால் பின்பகுதி தூக்கிக்கொண்டு, கழுத்து வளையம் மேலே ஏறித் தொண்டையை அமுக்கும். ஒரே ஹார்னஸை எல்லாவற்றுக்கும் போடும்போது வரும் இருமலுக்கும் கனைப்புக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அளவு பார்க்கும் முறை இது. ஹார்னஸைத் தலை வழியாக மாட்டும்போது காது கொஞ்சம் சிக்கி, சற்று இறுக்கமாகத்தான் இறங்க வேண்டும். தளதளவென்று விழுந்தால் பெரிது. மாட்டியபின் கழுத்து வளையத்தின் அடிப்பாகம் நெஞ்செலும்பின் மேல்நுனியில் உட்கார வேண்டும். அதற்கு மேலே ஏறினால் தொண்டை. பக்கவாட்டில் இரண்டு விரலைத் தட்டையாக நுழைக்க முடிய வேண்டும். இனி ஒருவர் நாயின் முன்னால் நின்று கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் பின்னால் போய்க் கயிறு மாட்டும் வளையத்தை, வேலை செய்யும்போது எந்தக் கோணத்தில் இழுபடுமோ அதே கோணத்தில் இழுத்துப் பிடியுங்கள். ஹார்னஸின் பொருத்தம் இந்த நிலையில்தான் தெரியும். சும்மா நிற்கும்போது எல்லா ஹார்னஸும் சரியாகத்தான் தோன்றும். எக்ஸ்-பேக்கின் நுனி வாலடியில் நிற்க வேண்டும். வாலைத் தாண்டித் தொங்கினால் நீளம் அதிகம். ஓடும்போது இடுப்பில் சரிந்து பின்னங்காலைத் தடுக்கும். இடுப்பெலும்புக்கு முன்பே முடிந்தால் குட்டை, விலாவை வெட்டும். முன்னங்கால் அக்குளில் பட்டை உரசுகிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். முதல் வாரம் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அக்குள் முடியைப் பிரித்துத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹஸ்கியின் அடர்ந்த முடிக்குள் புண் இருந்தால் வெளியே தெரியாது.

கயிறு அடுத்தது. நடுவில் ரப்பர் வைத்துத் தைத்த இழுவைக் கயிறு வேண்டும். நாய் தாவும் ஒவ்வொரு முறையும் வரும் வெட்டிழுப்பை அந்த ரப்பர் வாங்கிக்கொள்கிறது. நாயின் முதுகும் உங்கள் இடுப்பும் தப்பிக்கும். மனிதரோடு ஓட, இழுபட்ட நிலையில் சுமார் 2 மீட்டர் நீளம் போதும். சைக்கிளுக்கு இன்னும் அரை மீட்டர் கூட்டிக்கொள்ளலாம். சைக்கிளின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியில் கயிறு போக வேண்டும். இல்லாவிட்டால் நாய் வேகத்தைக் குறைத்த மறுகணம் தளர்ந்த கயிறு முன்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும்.

இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல், தாழ்வாக உட்கார வேண்டும். வேட்டி கட்டும் இடத்துக்கு ஏறினால் மறுநாள் முதுகு பிடித்துக்கொள்ளும். தொடை வழியாகப் போகும் பட்டை உள்ளதாக வாங்கினால் மேலே ஏறாது. ஒரே இழுப்பில் கழலும் கொக்கி அவசியம்.

வாக்கிங் வேறு, இழுப்பு வேறு

ஹஸ்கி எப்போதும் இழுக்கக் கூடாது என்று பழக்குவது கடினம். எப்போது இழுக்கலாம் என்று கற்றுக்கொடுப்பது எளிது. அதற்கு உடுப்பு ஒன்றே போதும்: கழுத்துப் பட்டை என்றால் நடை, ஹார்னஸ் என்றால் இழுப்பு. இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள்.

பட்டையோடு நடக்கும்போது லீஷ் விறைத்த அந்த நொடியில் நின்றுவிடுங்கள். பின்னால் இழுக்கவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். நாய் திரும்பிப் பார்த்தோ ஒரு அடி பின்னால் வந்தோ லீஷ் தொய்ந்ததும் நடையைத் தொடருங்கள். முதல் நாட்களில் 50 மீட்டர் போக பத்து நிமிடம் ஆகும். மனம் தளர வேண்டாம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை போதும். உங்கள் முழங்காலை ஒட்டி நடக்கும்போது வேகவைத்த கோழித் துண்டைத் தொடையருகே வைத்துக் கொடுங்கள். கையை முன்னால் நீட்டிக் கொடுத்தால், முன்னால் போனால்தான் கறி என்று புரிந்துகொள்ளும்.

ஹார்னஸை வீட்டில் மாட்டாதீர்கள். ஓடும் பாதை தொடங்கும் இடம் வரை பட்டையில் நடத்திச் சென்று, அங்கே ஒரு மரமோ கேட்டோ அடையாளம் வைத்து, அதே இடத்தில் தினமும் மாட்டுங்கள். முடித்ததும் அதே இடத்தில் கழற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில், அந்த இடத்தை நெருங்கும்போதே நாயின் உடம்பில் மாற்றம் தெரியும்: காது நிமிரும், சத்தம் போடும், தலையைத் தானே வளையத்துக்குள் நுழைக்கும்.

படிப்படியாகப் பழக்குவது

மூன்று முதல் ஆறு மாதக் குட்டிக்கு ஹார்னஸை மாட்டிச் சும்மா விளையாட விடுவதோடு சரி. இந்த வயதில் கற்றுக்கொடுக்க வேண்டியது சொற்கள். உலகம் முழுக்க வண்டி நாய் ஓட்டுபவர்கள் பயன்படுத்துபவை இவை: கிளம்ப 'ஹைக்', வலப்பக்கம் 'ஜீ', இடப்பக்கம் 'ஹா', நிறுத்த 'வோ', வேகத்தைக் குறைக்க 'ஈஸி', எதையும் கண்டுகொள்ளாமல் கடந்து போக 'ஆன் பை', கயிற்றை விறைப்பாக்கி முன்பக்கம் பார்த்து நிற்க 'லைன் அவுட்'. தமிழிலேயே சொல்லிப் பழக்கினாலும் நாய்க்கு ஒன்றுதான். 'வலது', 'இடது' இரண்டும் ஒரே ஓசையில் முடிவதால் குழப்பும், அவ்வளவுதான். தெருமுனையில் திரும்பும்போது திரும்புவதற்கு இரண்டு அடி முன்பாகவே சொல்லுங்கள். திரும்பிய பின் சொன்னால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை.

ஆறு மாதத்துக்கு மேல், பின்னால் வரும் சத்தத்துக்குப் பழக்குவது. ஹார்னஸின் பின்வளையத்தில் இரண்டு மீட்டர் கயிறு கட்டி, காலி பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கட்டிவிட்டுப் புல்தரையில் மூன்று நிமிடம் நடத்துங்கள். சில நாள் கழித்து அரைக் கிலோ எடையுள்ள விறகுத்துண்டு. இது பலத்துக்கான பயிற்சி அல்ல. பின்னால் ஏதோ துரத்துகிறது என்ற பயத்தைப் போக்கத்தான். பயந்து ஓடத் தொடங்கினால் உடனே கயிற்றைக் கழற்றி, பாட்டிலைக் கையில் எடுத்து நாயின் பக்கவாட்டில் ஆட்டிச் சத்தம் கேட்க வைத்து, மறுநாள் மறுபடி தொடங்குங்கள். இந்தப் படியில் ஒருமுறை மிரண்ட நாய் பல மாதம் வண்டிப் பக்கமே வராது.

பிறகு 'லைன் அவுட்'. கயிற்றின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, நாயை முன்னால் நிறுத்தி, கயிறு விறைத்ததும் இரண்டு நொடி பொறுத்துத் தின்பண்டம் கொடுங்கள். எப்போதும் நாயின் முன்பக்கமாகப் போய்த்தான் கொடுக்க வேண்டும். உங்களிடம் திரும்பி வந்து வாங்க விடக் கூடாது. இரண்டு நொடியை ஐந்தாக, பத்தாக, இருபதாக நீட்டுங்கள். கிளம்பும்போது குறுக்கே பாய்ந்து கயிற்றைச் சிக்கலாக்காத நாய் வேண்டுமென்றால் இந்தப் பாடத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

12 மாதத்துக்குப் பின், இருவராகப் பழக்குவது சுலபம். ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிப் பின்னால் நடக்க, இன்னொருவர் 20 மீட்டர் முன்னால் போய்க் கூப்பிட வேண்டும். நாய் கயிற்றை விறைத்ததும் பின்னால் இருப்பவர் வாய்விட்டுப் பாராட்டிக்கொண்டே வர வேண்டும். பழகிய இன்னொரு நாய் கிடைத்தால் அதைவிடச் சிறந்த வாத்தியார் இல்லை. புது மாட்டைப் பழகிய மாட்டோடு பூட்டும் அதே கணக்குதான். முன்னால் கூப்பிடுபவரை வாரா வாரம் தூரமாக நிறுத்தி, நாலாவது வாரம் இல்லாமலே போய்ப் பாருங்கள்.

எவ்வளவு தூரம், எவ்வளவு பாரம்

முதல் இரண்டு வாரம் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 1 கி.மீ.; ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு நிமிடம் நிறுத்தம். அடுத்த இரண்டு வாரம் ஒன்றரை முதல் 2 கி.மீ. அதன்பின் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக ஏற்றி வந்தால், மூன்று மாத முடிவில் 4 கி.மீ. அளவில் நிற்கலாம். நாய் இன்னும் ஓடத் துடிக்கும்போதே நிறுத்துங்கள். களைத்துப்போய்த் தானாக நின்ற நாய், நிற்கலாம் என்பதைக் கற்றுக்கொண்டுவிடும்.

பாரத்தைப் பற்றி ஒரு கணக்கு. சமதளத் தார்ச்சாலையில் சக்கரம் உருண்டுவிட்டால், 80 கிலோ மனிதரும் ஸ்கூட்டருமாகச் சேர்ந்தாலும் அதை நகர்த்திக்கொண்டிருக்க ஓரிரு கிலோ இழுவை போதும். 8 கிலோ டயர் புல்லில் உரசும்போது அதைவிட அதிக இழுவை கேட்கும். ஆகவே டயர் வேலை நடைக்கு மட்டும், ஓடக் கூடாது. 2 கிலோ எடையுள்ள மோட்டார் ஸ்கூட்டர் டயரில் தொடங்கி, பத்து நிமிட நடை, வாரம் இரண்டு முறை. ஹஸ்கிக்கு ஒரு சிறிய கார் டயருக்கு மேல் தேவையே இல்லை. சக்கர வண்டியில் ஆபத்து, கிளம்பும்போது வரும் அந்த முதல் தாவலிலும் ஏற்றத்திலும்தான் இருக்கிறது. அங்கெல்லாம் நீங்கள் காலால் தரையை உந்தி நாய்க்கு உதவ வேண்டும். இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வாருங்கள்; கயிறு தளர்ந்து வண்டி நாயின் பின்னங்காலில் மோதினால் அடிபடுவதோடு நம்பிக்கையும் போய்விடும்.

ஓட்டத்துக்கு முன் ஐந்து முதல் பத்து நிமிடம் பட்டையில் நடக்கவிட்டு மலம் கழிக்க வையுங்கள். பாதையில் முதல் கிலோமீட்டரிலேயே நிற்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

வெப்பம்: எல்லாவற்றையும் விட முக்கியமானது

நாய் உடம்பைக் குளிர்விப்பது மூச்சிரைப்பால். நாக்கிலும் மூக்கிலும் ஈரம் ஆவியாவதால். காற்றில் ஈரப்பதம் கூடினால் அந்த ஆவியாதல் நடக்காது. இரட்டை அடுக்கு முடியோடு ஓடும் ஹஸ்கிக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. 18 டிகிரி செல்சியஸ் ஈரக்காற்றில் வேகமாக ஓடுவது ஆபத்து. 10 டிகிரிக்குக் கீழே தாராளமாக ஓடலாம். 10 முதல் 15 வரை தூரத்தைப் பாதியாக்கி, நடுவில் தண்ணீர் கொடுக்க வேண்டும். 15-க்கு மேல் இழுப்பு ஓட்டமே வேண்டாம். பனி நாடுகளில் வண்டி நாய் வைத்திருப்பவர்கள் கோடையில் பயிற்சியைக் குறைத்துக்கொண்டு இலையுதிர் காலத்தில் மறுபடி தொடங்குவது இதனால்தான்.

நாக்கைப் பாருங்கள். சாதாரணமாக இரைக்கும்போது நாக்கு நீண்டு தொங்கும். சூடு ஏறும்போது நுனி அகப்பை போல அகன்று விரிந்து மேலே சுருளும். அப்போதே நிறுத்த வேண்டும். ஈறு செங்கல் நிறமாகி, எச்சில் பசைபோல் கெட்டியாகி, கால் பின்னினாலோ வாந்தி எடுத்தாலோ அது வெப்ப அதிர்ச்சி. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி; 41-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், கையில் கிடைக்கும் குளிர்ந்த தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றுங்கள். மேலே ஊற்றினால் ஹஸ்கியின் வெளிமுடியில் வழிந்தோடிவிடும். முடியை விரலால் பிரித்துத் தோல் நனையும்படி ஊற்ற வேண்டும். வயிறு, தொடை இடுக்கு, அக்குள் முதலில். விசிறியோ காற்றோ படட்டும். ஈரத் துணியைப் போர்த்திவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே வைத்திருக்கும். குளிர்வித்த பிறகே மருத்துவரிடம் வண்டியை எடுங்கள். நாய் எழுந்து நடந்தாலும் காட்டியாக வேண்டும், ஏனென்றால் சிறுநீரகப் பாதிப்பு மறுநாள்தான் வெளியே தெரியும். முடியை மழித்துவிட்டால் குளிர்ச்சி என்று நம்பாதீர்கள். வாரம் மூன்று முறை அடிமுடியைச் சீவி உதிர்த்தால் காற்று தோலைத் தொடும். மழித்தால் வெயில்தான் தொடும்.

தீனியும் தண்ணீரும்

ஓட்டத்துக்கு முன்பு நாலு மணி நேரம் திட உணவு வேண்டாம். நிறைந்த வயிற்றோடு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இரண்டு மணி நேரம் முன்பு, 300 மி.லி. தண்ணீரில் ஒரு கைப்பிடி வேகவைத்த கறியைப் பிசைந்து கொடுத்தால் ஆவலாகக் குடித்துவிடும். முடித்து முக்கால் மணி நேரம் கழித்து, மூச்சு அடங்கிய பிறகு உணவு. 22 கிலோ ஹஸ்கி வீட்டு நாயாக வாழ நாளுக்குச் சுமார் 1,100 கலோரி போதும். நெடும்பந்தய நாய்கள் 10,000 கலோரி சாப்பிடுவதைக் கேட்டுவிட்டு அள்ளி வைக்காதீர்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது.

எதில் ஓடவிடலாம்

நாயோடு சேர்ந்து ஓடுவது, அதாவது கானிக்ராஸ், தொடங்குவதற்கு ஏற்றது. செலவு குறைவு, வேகம் உங்கள் கையில். பெரிய சக்கரமும் நல்ல பிரேக்கும் உள்ள காலால் உந்தும் ஸ்கூட்டர் அடுத்தது. சைக்கிளைவிடத் தாழ்வானது, விழுந்தாலும் காயம் குறைவு. சைக்கிளுக்கு வருவது, நாய் 'வோ', 'ஆன் பை' இரண்டையும் தவறாமல் கேட்ட பிறகுதான். மண்பாதையில் மட்டும் ஓட்டுங்கள். தலைக்கவசமும் கையுறையும் கட்டாயம். டொரண்டோ, ஆஸ்லோ போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்குப் பனிக்காலத்தில் ஸ்கீயில் நின்று நாயை இழுக்க வைக்கும் ஸ்கீஜோரிங் இருக்கிறது. நாயில்லாமல் ஸ்கீயில் நிற்கவும் நிறுத்தவும் தெரிந்த பிறகே அதில் இறங்க வேண்டும். கட்டை அவிழ்த்துவிட்டு ஓடவிடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பூனையோ அணிலோ கண்ணில் பட்டால் கூப்பிட்ட குரலுக்கு ஹஸ்கி வராது. ஹார்னஸின் பின்வளையத்தில் மாட்டிய 10 மீட்டர் நீளக் கயிறோ, அடியில் தோண்ட முடியாதபடி கல் பதித்த 6 அடி வேலியோ வேண்டும்.

எங்கே தவறுகிறது

உடம்பைக் கோணலாக்கி, நண்டுபோல் பக்கவாட்டில் ஓடினால் அடம் என்று நினைக்காதீர்கள். ஹார்னஸ் ஒரு பக்கம் கடிக்கிறது, அல்லது தோளிலோ இடுப்பிலோ வலி. ஹார்னஸை மாற்றியும் தொடர்ந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். கிளம்பும் முன் கயிற்றைக் கடிப்பது பொறுமையின்மை; மாட்டியபின் காத்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள். திரும்பித் திரும்பிப் பார்த்தால், பெரும்பாலும் நீங்கள்தான் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஓடும்போது கட்டளைச் சொல் தவிர வேறு பேச்சு வேண்டாம். எப்போதும் ஒரே பாதையில் ஓடினாலும் ஆர்வம் வற்றிவிடும். கடுமையான ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தால் தசை சிதைந்திருக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவமனை. உள்ளங்கால் மெத்தையை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் விரித்துப் பாருங்கள். விரலிடுக்கில் வெடிப்பு இருந்தால் ஆறும்வரை ஓய்வு. கரடுமுரடான பாதைக்குத் துணிக்காலுறை. இடிடராட் பந்தயத்தில் ஒரு நாய்க்கு எட்டுக் காலுறை வீதம் கையில் இருக்க வேண்டும் என்பது விதி.

தமிழ்நாட்டில் ஹஸ்கி வைத்திருப்பவர்களுக்கு

2024-ல் வெளியான தமிழ்நாடு அரசின் நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெப்பத்துக்கு ஒவ்வாத வெளிநாட்டு இனங்களின் பட்டியலில் சைபீரியன் ஹஸ்கியையும் சேர்த்தது. சமவெளியில் இருப்பவர்கள் இனிமேல் புதிதாக வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்தும். சென்னையில் ஜனவரி விடியற்காலையிலேயே வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். மேலே சொன்ன 15 டிகிரிக் கணக்கில் பார்த்தால் இழுப்பு ஓட்டத்துக்கு அங்கே ஒரு நாளும் இல்லை. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்குக் குளிர்காலக் காலைகள் கைகொடுக்கும்.

ஏற்கெனவே வளர்ப்பவர்கள் ஓட்டத்துக்குப் பதிலாக மூளைக்கும் மூக்குக்கும் வேலை கொடுக்க வேண்டும். விடிவதற்கு முன் 4.30 மணிக்கு முக்கால் மணி நேரம் பட்டையில் மெதுவாக நடத்துங்கள். மோப்பம் பிடிக்க வேண்டுமளவு நிற்கவிடுங்கள். பகலில் ஏசி அறையில், அன்றைய தீனியில் பாதியைப் பழைய துணிச் சுருளிலும் அட்டைப்பெட்டியிலும் ஒளித்து வைத்துத் தேட விடுங்கள். இருபது நிமிடத் தேடலுக்குப் பின் அது நீட்டிப் படுத்துவிடுவதைப் பார்க்கலாம். இழுக்கும் ஆசைக்கு, கயிற்றுத் துணியைக் கொடுத்து இருவரும் மாறிமாறி இழுக்கும் விளையாட்டு: முப்பது நொடி இழுப்பு, 'விடு' என்றதும் விட வேண்டும், ஒரு நிமிட ஓய்வு, இப்படி ஐந்து சுற்று. மாலையில் தரை குளிர்ந்துவிட்டதா என்று அறிய, புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். கை தாங்கவில்லை என்றால் அன்றைக்கு மொட்டை மாடிக்கும் கூட்டிப்போக வேண்டாம். அந்தத் தளம் இரவு எட்டு மணிவரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்.